வீமன் குறுக்கே போகவில்லை

இன்று காலை விம்பிள்டன் ஸ்டேசனில் நின்றேன். மழையோடு வந்த ரயில் மேடையில் நின்றபோது பிரேக் கருகிய மணம் எழுந்தது. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள். நான் ஏறவில்லை. அடுத்த ரயில் வரும்வரை அங்கேயே நின்றேன்.

மலையடிவாரத்துக்கு வந்து சேரும்போதெல்லாம் என் சைக்கிளில் இந்த மணம் வரும். உன்னுடையதில் ஒருநாளும் வந்ததில்லை. நீ குனிந்து என் சக்கரத்தை மோந்து பார்ப்பாய். “வழி முழுக்க பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய். உன்ர பயம் நாறுது, மணந்து பார்.” பிறகு நாயின் பக்கம் திரும்பி, “வீமா, இவளைவிட நீ திறமடா” என்பாய். வீமன் வாலை ஆட்டும். அதற்கு நான் யாரென்றே அக்கறை இல்லை.

நீ சுவிஸில் ஒரு பள்ளத்தாக்கு ஊரில் வளர்ந்தவள். உன் அப்பா அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தவர். குடும்பமாக லண்டனில் மோர்டனுக்குக் குடிவந்தபோது உன்னோடு ஆடு மேய்க்கும் சாதி நாய்க்குட்டி வீமனும் வந்தது. கல்லூரியில் என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்த முதல் நாளே லண்டனைத் தோசைக்கல்லு என்றாய். “மேடுமில்லை, பள்ளமுமில்லை. இதில என்னத்தை ஓடுறது?” அதனால் கோடை விடுமுறை வந்தால் உன் பழைய வான் வண்டியில் இரண்டு சைக்கிள்களையும் நாயையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஆல்ப்ஸுக்குப் போவாய். யாராவது கேட்டால் சுவிஸில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்கினம் என்று உன் அம்மா சொல்லிவிடுவார். பெண்பிள்ளைகள் மலையில் சைக்கிள் ஓடுகிறார்கள் என்பதைவிட அது சொல்லக்கூடிய காரணம்.

நல்லவர்கள் இறந்துபோனால் அவர்களை இன்னும் நல்லவர்களாக்கி எழுதுவது வழக்கம். உனக்கு அதைச் செய்ய என்னால் முடியவில்லை. நீ கொடூரமான வாய்க்காரி. என் முழங்கால் கிழிந்து எலும்பு தெரிந்த அன்று, “தண்ணி ஊத்து. அழுறதெண்டா கீழ போய் அழு, இங்க இடமில்லை” என்றாய். அதே அன்று மாலை, கூர்க்கல்லில் நடந்து வெடித்திருந்த வீமனின் பாதங்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாக மெழுகு தடவினாய். நாயிடமும் நீ கண்டிப்புத்தான். ஆனால் அந்தக் கண்டிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. ஒற்றையடிப் பாறைப் பாதையில் நாய் முன்சக்கரத்துக்குக் குறுக்கே வந்தால் இருவருமே போய்விடுவீர்கள். அதனால் வீமன் எப்போதும் பின்சக்கரத்துக்குப் பின்னால்தான் ஓட வேண்டும். “பின்னுக்கு”, “இரு”, “வா” என்ற மூன்று சொற்களில் அதன் உலகம் அடங்கியிருந்தது. அது எந்தச் சொல்லையும் ஒருநாளும் மீறியதில்லை.

இந்த வருடம் நாங்கள் போயிருக்கக் கூடாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வைகாசியில் வன்னியில் போர் முடிந்த பிறகு எங்கள் வீடுகள் ஒவ்வொன்றும் செத்தவீடு மாதிரிக் கிடந்தன. தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயம். ஆவணியில் நீ வானில் சாமான் ஏற்றும்போது உன் மாமா வாசலில் வந்து நின்றார். “அங்க சனம் முள்ளுக்கம்பிக்குள்ள கிடக்குது. உங்களுக்கு நாயோட உல்லாசம் கேக்குது.” நீ கயிற்றை இழுத்துக் கட்டியபடி, “நான் இங்க இருந்து அழுதா கம்பியை அறுத்து விடுவினமோ மாமா?” என்றாய். அவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அந்தப் பேச்சை உனக்கு நான்தான் பழக்கினேன் என்று நினைத்தாரோ தெரியவில்லை.

மூன்றாம் நாள் நாங்கள் ஓடிய பாதையில், செங்குத்துச் சரிவில், ஒரு கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. சக்கரம் உருண்டு திரும்ப இடமில்லை. முன் பிரேக்கைப் பிடித்து, உடம்பை முன்னே கொடுத்து, பின்சக்கரத்தைத் தூக்கி அந்தரத்தில் சுற்றிவைக்க வேண்டும். நான் இறங்கி உருட்டிக்கொண்டு போனேன்.

“இப்பிடி உருட்டிக்கொண்டு திரியிறதெண்டா ஒரு ஆட்டை வாங்கியிருக்கலாம்,” என்றாய் மேலேயிருந்து. “பாலெண்டாலும் தந்திருக்கும்.”

வீமனை வளைவுக்கு மேலே ஒரு பாறையடியில் “இரு” என்று இருத்திவிட்டு வந்தாய். பின்சக்கரத்தைத் தூக்கித் திருப்பினாய். அவ்வளவு அழகாக. நான் கைதட்டினேன்.

“கால் தட்டினது, கண்டனீயோ?”

“இல்லை.”

“நிலத்தில ஒருக்காத் தட்டினது. அப்ப அது கணக்கில்லை.”

“ஆருக்குக் கணக்கு?”

“எனக்கு.”

மழை தூறத் தொடங்கியிருந்தது. விடு, போவம் என்றேன். “எல்லாத்துக்கும் ஒரு முன்னுரை எழுத வேணும் உனக்கு. பேசாமல் நில்” என்று சொல்லி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினாய். இரண்டாம் முறை, நனைந்த பாறையில் முன்சக்கரம் சறுக்கியது. உன் கால் நிலத்தைத் தேடியது. அங்கே நிலம் இல்லை.

நான் சரிவில் இறங்கி உன்னிடம் வந்தேன். ஹெலிகொப்டர் வந்தது, ஆட்கள் கயிற்றில் இறங்கினார்கள், உன்னைக் கொண்டுபோனார்கள். வீமன் அவ்வளவு நேரமும் அந்தப் பாறையடியிலேயே இருந்தது. நான் “வா” என்று கத்திப் பார்த்தேன். அது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் கைகளுக்குள்ளும் அது மேலே பார்த்தபடியே வந்தது.

செய்தி கேட்டு அங்கே வந்த உன் மாமாதான் உன் வானை லண்டனுக்கு ஓட்டி வந்தார். வழியில் யாருக்கோ தொலைபேசியில், “நாய் குறுக்க போயிட்டுதாம்” என்றார். அப்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. “இல்லை அங்கிள், அது மேல இருந்தது” என்றேன். “நீர் அதிர்ச்சியில இருக்கிறீர் பிள்ளை. கொஞ்சம் படுத்திரும்” என்றார். நாங்கள் மோர்டனுக்கு வந்து சேருமுன்பே அந்தக் கதை வந்து சேர்ந்துவிட்டது. உன் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க அவருக்கு வேறொன்றும் இல்லை. செத்தவீட்டுக்கு வந்த ஒருத்தி அவர் கையைப் பற்றி, “அங்க எத்தனை தாய்மாருக்குப் பிணமும் கிடைக்கேல்லை. உங்களுக்கு முகமாவது பாக்கக் கிடைச்சுது” என்றாள். அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். உன் அம்மா தலையாட்டினார். அழுவதற்குக்கூட இந்த வருடம் அவருக்கு உரிமை போதவில்லை. ஒரு நாயில் கோபப்படுவதற்கு மட்டும் இருந்தது.

எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையலுக்கு, உனக்குப் பிடித்ததென்று கணவாய்க் கறியும் பாயசமும் சமைத்துப் படைத்தார்கள். நீ இரண்டையும் தொட்டதில்லை. பின்வளவில் கட்டியிருந்த வீமனைக் காட்டி உன் மாமா, “நாளைக்கு மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோறன். ஆளைக் கொண்ட நாயை வீட்டில வைச்சிருக்கேலாது. ஒரு ஊசியோட முடியும்” என்றார். யாரும் மறுக்கவில்லை.

நாயை விடச் சொல்லிக் கெஞ்சியிருக்கலாம். கெஞ்சினால் அந்தக் கதையை ஒப்புக்கொண்டதாகும், நாய்க்கும் ஊசிதான். அதனால் கூடத்தில் உன் அம்மாவுக்கு முன்னால் போய் இருந்து சொன்னேன். “அன்ரி, வீமன் குறுக்க போகேல்லை. அது மேல, இருத்தின இடத்தில இருந்தது. அவள் ஒருக்காச் சரியாத்தான் செய்தவள். கால் தட்டினது எண்டு திரும்ப ஏறினவள். மழை தூறினது. நான் வேண்டாமெண்டு சொன்னனான்.”

“கால் தட்டினா என்ன?” என்று கேட்டார் உன் அம்மா.

“ஒண்டுமில்லை அன்ரி. ஆரும் பாக்கவுமில்லை.”

பிறகு அவர், “ஒரு நாய்க்காக என்ர பிள்ளையில பழி போடுறாய்” என்றார். அவர் சொன்னது சரி. அந்த வீட்டுக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. நான் நாயை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உன்னை இருத்தினேன். உன் அப்பா எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். என் கையில் தந்தார். “கொண்டு போ பிள்ளை. இனி ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வரவேண்டாம்.”

வீமன் இப்போது என் அறையில் படுக்கிறது. சாப்பிடுகிறது, நடக்கிறது. என் படுக்கைக்கு அருகில் வருவதில்லை. என்னை அதற்குப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நான் திருத்திவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் பக்கத்துத் தெருவால் அதைக் கூட்டிக்கொண்டு போகும்போது உன் அம்மா எதிரே வந்தார். நான் மறுபக்கம் கடக்கப் பார்த்தேன். “நில்” என்றார். மெலிந்து போயிருந்தார். நெற்றியில் திருநீறு அரைவாசி அழிந்திருந்தது. நாயைப் பார்க்கவில்லை.

“எல்லாரும் எனக்கு நல்லது நல்லதாத்தான் சொல்லுகினம்,” என்றார். “நீ அப்பிடிச் சொல்ல மாட்டாய். உன்னட்ட ஒண்டு கேக்கவேணும். உயிர் உடன போனதோ?”

“ஓம் அன்ரி,” என்றேன். “உடன.”

என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெல்ல மூச்சு விட்டார். அவர் தோள்கள் இறங்கின. “சரி” என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். எட்டாம் நாள் அந்தக் கூடத்தில் அவ்வளவு கொடூரமாகப் பேசியவள் சொன்னதால் நம்பினார்.

ஹெலிகொப்டர் வருவதற்கு நெடுநேரமாயிற்று. நீ என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாய். பகிடியோ கேலியோ ஒன்றும் விடவில்லை. நோகுது, நோகுது என்று சின்னப்பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்பச் சொன்னாய். பிறகு அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போ என்றாய். ஓம், போவம் என்றேன். அந்த நேரம் முழுவதும் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.