இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம்

என் பிரியமானவளுக்கு,

நான் சுகம். உனக்கு இருமல் விட்டதா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

அரை மாரத்தான் முடித்துப் பதக்கத்தோடு நான் நிற்கும் படத்தை எல்லோரிடமும் காட்டுகிறாயாமே. இனிமேல் காட்டாதே. பதறாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தொண்ணூற்றாறு கிலோ இருந்த என்னை ஓடக் கூட்டிப்போனவர் எங்கள் கிடங்கு கேண்டீன் சமையல்கார அண்ணன்தான். அவரே நூறு கிலோவுக்கு மேல். ஆறு மாதமாக, நான் மூச்சு வாங்கி நின்ற இடத்திலெல்லாம் அவரும் கூடவே நின்றார். என் எடை எண்பத்திரண்டுக்கு இறங்கியது.

ஓட்டத்தன்று பதினாலாவது கிலோமீட்டரில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாலையோரம் உட்கார்ந்து, "தம்பி, ஒரு நிமிஷம் இருப்பா" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற வெறி. "மெதுவா வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடத்தில் முடித்தேன். அவர் நொண்டி நொண்டி வந்து சேர மூன்றே முக்கால் மணி நேரம் ஆனது. வந்ததும், "ரெண்டரைக்குள்ள வந்துட்டியா?" என்றுதான் கேட்டார். தலையாட்டினேன். "கலக்கிட்டடா!" என்று முதுகில் தட்டினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மூன்று நாளாகக் கேண்டீன் பக்கம் போகவில்லை. நேற்று அவரே எனக்குச் சாப்பாடு கட்டி அனுப்பியிருந்தார்.

முப்பத்தாறு சைஸில் இரண்டு பேண்ட் அனுப்பு. கூடவே வலித் தைலம் ஒரு பாட்டில். இங்கேயும் கிடைக்கும்தான். ஆனால் நீ கொடுத்தனுப்பியது என்று சொன்னால், அவர் முன்னால் போய் நிற்க எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன்னவன்