இரண்டு கம்பி

1962 ஆவணி, புதன்கிழமை

இன்றைய நாள் வீண். வெல்டிங் மிஷின் வாங்கத் திருச்சிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறேன். வீட்டுப் பட்டறையில் மூன்று இரும்புக் கலப்பைகள் உடைந்து கிடக்கின்றன. மழைக்கு முன் பற்றவைத்துத் தருவதாகச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

மச்சானைத் துணைக்கு அழைத்தது முதல் தப்பு. கரண்டில் ஓடும் மிஷினா, கேஸ் செட்டா என்று கறம்பக்குடியில் பஸ் ஏறியதிலிருந்து வாக்குவாதம். அவருக்கு கேஸ்தான் உசத்தி. ஒருவழியாக அவர் வாயை அடைத்து, கரண்ட் மிஷினைக் கைகாட்டினேன். கடைக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“கரண்ட் போஸ்ட்லேருந்து ஒங்க வீட்டுக்கு எத்தன கம்பி வருதுங்க?”

நான் நாலு என்றேன். அதே மூச்சில் மச்சான் மூணு என்றார்.

“இதுக்கு நாலு வேணும். ரெண்டுன்னா வெளக்குதான் எரியும். பாத்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வழியெல்லாம் மச்சானைத் திட்டித் தீர்த்தேன். வீட்டு வாசலில் இரண்டு பேரும் அண்ணாந்து நின்றோம்.

“ரெண்டுதான்” என்றாள் என் மனைவி, துணி மடித்துக்கொண்டே. “மோட்டாருக்கும் சேத்து நாலு கம்பியா வேணுமான்னு கரண்ட் ஆபீஸ்ல கேட்டப்ப, வெளக்குக்கு மட்டும் போதும்னு கையெழுத்துப் போட்டது நீங்கதான.”

மச்சான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. “காப்பி குடிங்க மாப்ள” என்றார்.

இதை எழுதும்போது தலைக்கு மேல் விளக்கு நன்றாகத்தான் எரிகிறது.