கல்குவாரியில் பெண் பார்த்தது

மார்ச் 6, வெள்ளி
காலையிலேயே புழுக்கம். தண்ணீர் லாரி வரவில்லை. ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டுக்கு அல்ல. திருக்கழுக்குன்றம் பக்கம் பழைய கல்குவாரிப் பள்ளத்தில் நடைபாதை போட்டு, வழியெல்லாம் பழங்காலச் செய்தி சொல்லும் பலகைகள் வைத்திருக்கிறார்களாம், அங்கே. மாப்பிள்ளையின் யோசனை. பெயர் மணிவண்ணன். இனி ம.

அம்மாவுக்குத் தூக்கம் போச்சு. வீடு என்றால் காபித் தட்டோடு நாலடி நடந்தால் முடிந்தது. அங்கே ஏறி இறங்கணும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் என் வலது கணுக்காலில் தகடு; இறங்கும்போது கால் இழுக்கும். அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லிவிடலாமே என்றேன். "வாயத் தொறந்தே, அவ்ளோதான்!"

மார்ச் 7, சனி
ஒரு வேலையும் ஓடவில்லை. சும்மா சும்மா எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடை. மாலை அம்மா மாமல்லபுரம் இழுத்துப்போனாள். பாறையில் ஒத்திகை! நான் ஏறி இறங்க, கீழே நின்று அம்மா: "தெரியல... தெரியல... ஐயோ, இப்ப தெரியுதுடி." இளநீர்க்காரர், "இன்னாம்மா, ஷூட்டிங்கா?"

வாங்க வேண்டியது: க்ரேப் பேண்டேஜ், தட்டைச் செருப்பு, கால் மறைக்கிற பேன்ட்.

அம்மாமேல் கொலைவெறி.

மார்ச் 8, ஞாயிறு
அனல். பள்ளத்தில் ஒரு மரம் இல்லை. இரண்டு பக்கமும் வெட்டிய பாறைச் சுவர். ம., அவர் அம்மா, வேடந்தாங்கலிலிருந்து அவர் அத்தை. அத்தை கையில் புளிசாதத் தூக்கு. "இன்னாடா, பொண்ணு பாக்க இட்டாந்தியா, கல்லு ஒடைக்க இட்டாந்தியா?"

ம. ஒரு பலகை விடாமல் சத்தமாகப் படிக்கிறார். கல்வட்டம், முதுமக்கள் தாழி, இறந்தவர்களைப் புதைத்த முறை. அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "நல்ல காரியத்துக்கு வந்து சுடுகாட்டுக் கதைய படிச்சிகினு கீறான் பாரு!" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏற்றம் சமாளித்தேன். இறக்கத்தில் கால் இழுத்தது. பின்னாலிருந்து அம்மா, "தெரியுதுடி." அடுத்த பலகை அருகே நின்று ம.விடம் சொல்லிவிட்டேன். விபத்து, தகடு, மறைத்தது, எல்லாம்.

"இறங்கறப்ப வலிக்குதா?" என்றார்.

வலிக்கும் என்றேன். அழுகை வேறு வந்துவிட்டது, சனியன். அம்மாவுக்குக் காதில் விழுந்திருக்கும். காரில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்
லாரி வந்தது. பதில் வரவில்லை. லீவு போட்டிருக்கக் கூடாது. போனை எடுப்பது, வைப்பது. அம்மா இன்னும் என் முகம் பார்க்கவில்லை. மதியம் அத்தை போன், ஸ்பீக்கரில்.

"இன்னா சம்மந்தி, காலுல தகடு இருந்தா இன்னா இப்போ? ஆனா பொணம் பொதச்ச எடத்துல பொண்ணு பாத்தது செல்லாது. புதன்கெழமை வூட்டாண்ட வர்றோம், மொதல்லேருந்து பாக்கணும்."

சம்மந்தியா! உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அம்மா காபித் தட்டைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றாள். "இத்தன நாளா வலிக்குதாடி?"

ஆமாம் என்றேன்.

தைலம் தேடிக்கொண்டிருக்கிறாள். அலமாரியில் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம்.