ஏழாம் எண் பெட்டிக்கு என்ன நிறம்

1994 பிப்ரவரி 12, சனி

மழை. ரயில் பெட்டிக் கொட்டகையில் கூரை ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். இன்று ஏழாம் எண் பெட்டியின் கதவு நிலையைச் சுரண்டினேன். மேலே வெள்ளை, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே பச்சை. பச்சைக்கு அடியில் வெறும் மரம். ஆக, இந்தப் பெட்டி நம் பழைய ரயில் பாதையில் முதன்முதலாக ஓடியபோது பச்சையாக இருந்திருக்கிறது. ஆக்டன் பண்ணையில் நாற்பது வருடம் கோழிக்கொட்டிலாகக் கிடந்ததை நான்கு வருடமாகக் கழுவித் தேய்த்து ஆளாக்கியவள் நான். அதன் நிறத்தைக் கண்டுபிடித்ததும் நான்தான். சந்தோஷம். கொஞ்சம் குளிரும்.

கிளிஃபிடம் சொல்ல என்ஜின் கொட்டகைக்கு ஓடினேன். என் புருஷன் வழக்கம்போலக் கொதிகலனுக்குள் தலையை விட்டிருந்தான். "சிவப்பு," என்றது கொதிகலன்.

பிப்ரவரி 13

சாப்பாடு முழுக்க அதே பேச்சு. "நம்ம பாதையில ஓடின பெட்டி எல்லாமே கருஞ்சிவப்பு, டோரீன். பச்சைன்னு எவன் சொன்னான்?"

"மரம் சொல்லுது."

பழைய புகைப்படம் ஒன்றைத் தேடி எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "நல்லாப் பாரு. சிவப்பு."

கறுப்பு வெள்ளைப் படம்.

மார்ச் 5

பழைய ரயிலைச் சரிசெய்து ஓட்டும் எங்கள் சங்கத்தின் கமிட்டிக் கூட்டம். இரண்டு பக்கமும் சம ஓட்டு. தலைவர் நாரிஸ் தன் ஓட்டைப் போடப் பயந்து, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பிஸ்கட் டப்பாவை மூடிவிட்டார். என்ஜின்காரர்கள் மொத்தமும் சிவப்பு. அவர்களுக்குப் பெட்டி என்றால் என்ஜினுக்குப் பின்னால் தொங்கும் பாரம், அவ்வளவுதான். அது தெரிந்த கதை. ஆனால் கிளிஃபும் சிவப்புக்குக் கை தூக்கினான். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே.

மார்ச் 6

கிளிஃபுக்குத் தினமும் போட்டுத் தரும் டீ பிளாஸ்க்கை இன்று போடவில்லை. அவன் சமையலறையெல்லாம் தேடினான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 26

இன்னும் பிளாஸ்க் இல்லை. என்ஜின் கொட்டகை டீயில் எண்ணெய் வாடை அடிக்கிறதாம், நாரிஸ் சொன்னார். குடிக்கட்டும்.

ஒரு நிறத்துக்காக இவ்வளவா? நிறமா பெரிசு? நாலு வருஷமா அந்தப் பெட்டியோட மல்லுக்கட்டுறேன் — கோழி எச்சத்தக் கரண்டியால சுரண்டி எடுத்திருக்கேன் — இருபதடி தள்ளித்தான் அவன் கொட்டகை. ஒரு தடவை வந்து எட்டிப் பாத்தானா? அதுதான் வலிக்குது. போகட்டும்.

ஏப்ரல் 2

ஏழாம் எண் பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை என்று நாரிஸிடம் புலம்பியிருந்தேன். யார் சொன்னார்களோ, கிளிஃப் கருவிப்பெட்டியோடு வந்து நின்றான். கீழ்க் கீலைக் கழற்றினான். வெகுநேரம் குந்தியபடியே இருந்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. துரு."

கீலைத் திரும்ப வைத்து முடுக்கினான். கதவு பொருந்தியது. அதற்குப் பிறகும் போகவில்லை. பெட்டியைச் சுற்றி வந்தான், பலகை பலகையாகத் தடவிக்கொண்டே. உள்ளே ஏறி நான் தைத்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தான். "நல்லா செஞ்சிருக்க," என்றான். பிறகு, "டீ இருக்கா?"

என் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். அவனுக்கு மூன்று கரண்டி சர்க்கரை வேண்டும், என் டீயில் ஒன்றுதான். முகம் சுளிக்காமல் குடித்தான்.

ஏப்ரல் 9

மறு ஓட்டு. கிளிஃப் பச்சைக்குக் கை தூக்கினான். என்ஜின்காரர்கள் அவனை ஊர்த் துரோகியைப் போலப் பார்த்தார்கள். பச்சை ஜெயித்தது. பிளாஸ்க்கை நிறுத்தினால் என்னவெல்லாம் நடக்கிறது. நாளை முதல் அவனுக்கு மூன்று கரண்டி.

ஜூலை 23, சனி

எங்கள் ரயில் திருவிழா நாள். ஏழாம் எண் பெட்டி பளபளவென்று ஓடியது. நானே அதில் இரண்டு நடை போய்வந்தேன். மதியம் ஒருவர் பிளாட்பாரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கோழி வளர்த்த ஆக்டனின் மகன்.

"அட, எங்க அப்பா அடிச்ச பச்சை," என்றார்.

"உங்க அப்பாவா?"

"ஆமாம்மா. டிராக்டர் கொட்டகைக்கு வாங்கினதுல மிச்சம். இது முன்னாடி நல்ல சிவப்பு. சிவப்பப் பாத்தா கோழி முட்டை போடாதுன்னு அவரா ஒரு முடிவு பண்ணி, பூராவும் சுரண்டிட்டு அடிச்சாரு."

நான் ஏதோ சொல்லிச் சிரித்து வைத்தேன்.

வீட்டில் கிளிஃப் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். சொன்னேன். கத்தியை வைக்கவில்லை.

"தெரியும். அந்தாளு கீலைக் கழட்டாமச் சுரண்டியிருக்கான். அடியில நகம் அளவு சிவப்பு இருந்துச்சு."

"துருன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ஏன் கிளிஃப்? அரை அங்குலத்துக்கு மூணு நாள் சண்டை போடுற ஆளு நீ."

"பெட்டியச் சுத்திப் பாத்தேனா, அப்புறம் சொல்ல மனசு வரல."

அழுதுவிட்டேன். ரொட்டியை என் பக்கம் நகர்த்தினான்.

ஜூலை 24

அதெல்லாம் சரி. ஆனால் தப்பு தப்புதானே? கோழிக்கொட்டில் பெயிண்டை அடித்துவிட்டு "அசல் நிறம்" என்று பலகையும் மாட்டியிருக்கிறோம். எழுதியது நான்.

நவம்பர் 5

பொதுக்கூட்டம். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாம் எண் பெட்டிக்குக் குளிர்காலத்தில் சிவப்பு அடிக்க வேண்டும் என்றேன். நாரிஸ் பிஸ்கட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

கிளிஃப் எழுந்தான். "நாப்பது வருஷம் கோழிக்கொட்டிலா இருந்ததும் அந்தப் பெட்டியோட கதைதான். என் பொண்டாட்டி அடிச்ச பச்சை மேல எவனும் கை வைக்கக் கூடாது."

"அடிச்சவளே சொல்றேன்," என்றேன்.

"நீயும்தான்," என்றான்.

என்னைத் தவிர அத்தனை பேரும் பச்சைக்குக் கை தூக்கினார்கள், என்ஜின்காரர்கள் உட்பட. கிளிஃப் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தூக்கினான்.

நவம்பர் 6

பிளாஸ்க் போட்டேன். அவனுக்குப் பிடித்த இஞ்சி பிஸ்கட்டும் கூட வைத்தேன். சர்க்கரை போடவில்லை.