ஃபிரீசருக்குள் போன கரடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, உன் மகள் மூன்று பேரும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன மூன்று கடிதங்களிலும் நலம் என்று எழுதியது பாதிப் பொய். இந்த முறை முழு உண்மை.

திட்டாதே அம்மாடி. குட்டிக்கு இழுப்பு கூடித்தான் இருந்தது, நாலு படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில். தூரத்தில் இருந்துகொண்டு நீ பதறுவாய் என்று மறைத்தோம். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்னவன், பேத்தியின் நெஞ்சுச் சத்தத்துக்கு முன்னால் திருதிருவென்று முழித்தேன். வீட்டுத் தூசி ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதும் சும்மா இருப்பேனா, டிப்போவிலிருந்து காற்று அடிக்கிற புளோயரை இரவல் வாங்கி வந்து மெத்தை, தலையணை, ஃபேன் இறக்கை ஒன்று விடாமல் அடித்துத் தள்ளினேன். உன் அம்மா அவள் பங்குக்கு ஜன்னல் திரைகளைத் தட்டோ தட்டென்று தட்டினாள். வீடு பளபளத்தது. அன்று சாயங்காலமே குட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆட்டோவில் அவள் மூச்சுக்குத் தவித்ததை எழுத எனக்குக் கை வரவில்லை.

மருந்துப் புகை பிடிக்க வைத்து அவள் கொஞ்சம் தெளிந்த பிறகு, நான் செய்ததைக் கேட்டு டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஐயா, தூசியத் தட்டுனா அது எங்க போகும், புள்ள மூக்குக்குள்ளதான் போகும், ஈரத்துணியால துடைச்சு எடுங்க என்றார். தூசி என்றாலே தட்டுவது என்று பிறந்ததிலிருந்து வாயில் ஊறிப்போன வார்த்தை, அது இப்படிக் காலை வாரும் என்று யார் கண்டது. அப்புறம் போனில் ஒரு படம் காட்டினார். தூசிக்குள் வாழ்கிற பூச்சியாம். யப்பா! எட்டுக் கால், கண்ணே கிடையாது, நம் கண்ணுக்கும் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோலைத் தின்று மெத்தைக்குள் குடும்பம் நடத்துகிறதாம், அதன் எச்சம்தான் குட்டிக்கு ஆகவில்லையாம். எத்தனை எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பேன், நான் படுக்கிற மெத்தைக்குள் ஓர் ஊரே இருப்பது தெரியாமல் போயிற்றே. ஆஸ்பத்திரி பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்ததும் வேலையை ஆரம்பித்தோம். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை, வாராவாரம் விரிப்புகளைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் துவைப்பது, கம்பளமும் கனத்த திரையும் வெளியே, கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை. உன் அம்மா ஈரத்துணியும் கையுமாக அலைகிறாள், அசந்தால் என்னையும் துடைத்துவிடுவாள். எல்லாம் சரி, கரடியிடம்தான் மாட்டிக்கொண்டோம். நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது கழுத்தோடு அணைத்துக் கொடுத்தாயே, அந்தப் பொம்மை. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் தூங்குவாள். துவைச்சா அம்மா வாசனை போயிடும் தாத்தா என்று அழுதாள். மூச்சைவிட வாசனை பெரிசா என்று கத்திவிட்டேன், அப்புறம் எனக்கே வெட்கமாகப் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தூசிப் பூச்சியைப் பற்றிச் சொன்னேன். அப்போ அதுங்களும் அம்மா வாசனையிலதான் தூங்குதா என்று கேட்டாள். பிறகு அவளே கரடியை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். ஒரு முழு நாள் ஃபிரீசரில் வைத்தால் பூச்சி செத்துவிடும், பிறகு துவைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காய்கறிக்குப் பக்கத்துல கரடியா என்று உன் அம்மா முணுமுணுத்தாள். குட்டி அரைமணிக்கு ஒரு தரம் திறந்து, கரடிக்குக் குளிருதா என்று விசாரித்தாள்.

இதெல்லாம் நடந்து ஆறு வாரம் ஆகிறது. மாதம் ஒரு தரம் கரடியைத் துவைக்கிறோம், நேற்றுக் காலை அப்படித் துவைத்துக் கொடியில் காய்ந்த கரடியை எடுத்தவள், மூக்கில் வைத்து ஒரு மூச்சு இழுத்தாள் பார். இழுக்கிறாள், இழுக்கிறாள், முடியவே இல்லை. அந்தச் சின்ன நெஞ்சு நிறைந்து, ஒரு கணம் நின்று, மெல்ல இறங்கியது. விசில் இல்லை. முதுகில் காது வைத்துக் கேட்டேன், வெறும் காற்று, போகிறது, வருகிறது. எண்ணெய் விட ஆள் இல்லை, சாவி போட ஆள் இல்லை, தானாக ஓடுகிறது அம்மாடி. அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த எஞ்சினிலும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திரும்பி, வாசனையே இல்ல தாத்தா என்றாள்.

டாக்டரம்மா சொல்கிற வரை வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்பை நிறுத்த மாட்டோம், கவலைப்படாதே. மழையில் நனையாதே, உடம்பைப் பார்த்துக்கொள். நீ எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, நீ போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைப் பையில் கட்டி அனுப்பு. சென்ட் வேண்டாம், துவைக்கவும் வேண்டாம். டாக்டரம்மாவிடம் கேட்டாயிற்று, மூடி போட்ட டப்பாவில் வைத்து அவ்வப்போது திறந்து கொடுக்கிறேன். இழுத்து முகர அவளுக்கு இப்போது மூச்சு இருக்கிறது.

ஆசிகளுடன்,
உன் அப்பா