கறுப்பில் வராதீர்கள்

போர்ட்டோ,
6 ஜனவரி 1986

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்பது வருஷமாக நான் எழுதியது எதற்கும் நீங்கள் பதில் போட்டதில்லை. இதற்கு மட்டும் போடுங்கள். எனக்கு இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய்விட்டது. 28ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சைத் திறந்து மாற்றப் போகிறார்கள். பிழைப்பேனா என்று டாக்டரைக் கேட்டேன். "பயப்படாதீங்கம்மா" என்றார். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்கு முன்னால் உங்களைப் பார்க்க வேண்டும். திங்கள் காலை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுங்கள்.

உடுப்பு விஷயம். இங்கே பனி விழாது. மலையிலிருந்து வருகிறவர்கள் கனமாக மூடிக்கொண்டு வருகிறார்கள், மேட்டுத் தெருவில் ஏறும்போது வியர்த்துக் கொட்டுகிறது, வீட்டுக்குள் வந்ததும் நடுங்குகிறார்கள். இந்த ஊரில் குளிர் தெருவில் இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது. கணப்பு கிடையாது. சுவரெல்லாம் ஓதம். மெல்லிய துணியாக ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், உட்காரும்போது மாட்டிக்கொள்ளலாம். ரப்பர் அடி வைத்த ஷூ வேண்டும், கல் வழுக்கும். குடை வேண்டாம், கடல்காற்று திருப்பிவிடும். ஒரு மழைக்கோட்டு போதும். தாத்தாவின் கம்பளி மேலங்கியைக் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று. கறுப்பில் வராதீர்கள்.

நான் ஜசின்டோவோடு ஊரைவிட்டு வந்த அந்த வாரமே, பன்றிக்குக் காய்ச்சும் கொப்பரையில் துக்கத்துக்குக் கறுப்புச் சாயம் கரைத்து, உங்கள் துணி அத்தனையையும் முக்கி எடுத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். மகள் செத்துவிட்டாள் என்று ஊரில் சொன்னீர்களாம். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் என்னை உள்ளே கொண்டுபோகும் முன்னால், என் சாவுக்கு உடுத்திக்கொண்டு வந்த அப்பாவை நான் பார்க்கக் கூடாது.

உங்கள்,
சுல்மீரா


வால்சேகோ,
12 ஜனவரி

கடிதம் கிடைத்தது.

வானிலை பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பள்ளிக்கூட வாசலை நான் மிதித்ததில்லை. உப்பு மூட்டையில் அச்சடித்திருந்ததைப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். அப்போதிலிருந்து நாள்காட்டிப் புத்தகம் ஒரு வருஷம் தவறாமல் வாசிக்கிறேன். கடற்கரையில் மிதமான குளிர் என்றுதான் அதில் போட்டிருக்கிறது. மிதமான குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாகச் சட்டை எதற்கு? நான் என்ன வெங்காயமா? என் அப்பாவின் மேலங்கி பனியும் ஆலங்கட்டியும் பார்த்தது. பட்டணத்து மழை அதை என்ன செய்துவிடும்?

கறுப்பு விஷயம். என்னிடம் வேறு நிறம் கிடையாது. கைக்குட்டைகூடக் கறுப்புதான். புதிதாக வாங்கலாமே என்பாய். வாங்கினால் அவெலினோவின் சாராயக் கடையில் உட்கார்ந்திருப்பவன் எல்லாம் கேட்பான். இப்போதே கேட்கிறான். "என்ன செரஃபிம், செத்துப்போன பொண்ணு கடுதாசி போட்டிருக்காமே. அங்கேருந்து தபால் எல்லாம் ஒழுங்கா வருதா?" கடையே சிரித்தது. நான் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

சொன்ன சொல்லை மாற்றுகிறவன் நான் இல்லை. கட்டிய மனைவி உயிரோடு இருக்கும்போதே உன்னைக் கூட்டிக்கொண்டு போனான் பார், அவன் மாற்றுகிறவன்.

இது பன்றி அடிக்கிற மாதம். வர முடியாது.

செரஃபிம் அன்டுனெஸ்

எந்தப் பக்கத்து வால்வு என்று எழுதவில்லை.


போர்ட்டோ,
17 ஜனவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

இடது பக்கம். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கதவு மாதிரி இருக்கிறது, சரியாக மூடுவதில்லை. இப்போது மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுகிறேன்.

அம்மா செத்தபோது எனக்கு ஆறு வயது. அம்மாவுக்கு நீங்கள் ஒரு வருஷம்தான் கறுப்பு போட்டீர்கள். உயிரோடு இருக்கிற எனக்கு ஒன்பது வருஷம். இது என்ன கணக்கு அப்பா?

போன வாரம் பரிசோதனைக்குப் போய் ஒரு நாள் வார்டில் இருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பார்க்க அவள் அண்ணன் கறுப்பு உடுப்பில் வந்தான். "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டேன். "யாரும் இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறோமேன்னு இருக்கிறதுல நல்லதா எடுத்துப் போட்டேன்" என்றான். வார்டே சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ப்ரகான்சாவில் பஸ் மாறும்போது ஒரு சாம்பல் சட்டை வாங்குங்கள். ஊர் தாண்டிய பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். யாரும் பார்க்க மாட்டார்கள். திரும்பும்போது மறுபடியும் கறுப்பைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஜசின்டோ உங்கள் கண்ணில் பட மாட்டார். அவருடைய அண்ணன் வீட்டில் படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

இதற்குமேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சுல்மீரா


வால்சேகோ,
22 ஜனவரி

ஒளித்து உடுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. ஊரில் ஒரு நிறம், பஸ்ஸில் ஒரு நிறம் என்று வேஷம் போட நான் கூத்தாடியா?

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். கறுப்பில்தான் வருவேன். மேலங்கியோடுதான் வருவேன். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள். நான் வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறேன்.

பன்றி அடித்தாயிற்று. தொத்திறைச்சியில் உப்பைக் குறைத்திருக்கிறேன். இருதயத்துக்கு உப்பு ஆகாது என்று படித்தேன். அவெலினோ ருசி பார்த்துவிட்டு, "என்னய்யா இது, உப்பு கடன் கேட்டிருக்கலாமே" என்றான். வாயை மூடிக்கொண்டு தின்னச் சொன்னேன்.

அவன் வீட்டில் இருக்கக் கூடாது.

செரஃபிம் அன்டுனெஸ்


சமையலறை மேஜைமேல்,
27 ஜனவரி, காலை

அப்பா,

மலையில் பனி, நேற்றைய பஸ் நடுவழியில் நிற்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். காத்திருந்தேன். இனிமேல் ஆஸ்பத்திரி காத்திருக்காது. சூப் அடுப்பின்மேல் இருக்கிறது. படுக்கும்போது இரண்டு வெந்நீர்ப் பையையும் கட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பிலேயே வாருங்கள். நிறம் பற்றி நான் எழுதியதெல்லாம் போகட்டும். வந்தால் போதும். நாளைக் காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். அதுவரை விழித்துக்கொண்டிருப்பேன்.

சுல்மீரா


போர்ட்டோ,
31 ஜனவரி

சுல்மீரா,

"பேசுங்க பெரியவரே, அவங்க காதுல விழும்" என்கிறாள் நர்ஸ். இத்தனை கட்டில் இருக்கிற அறையில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதிக் கொண்டுவந்து வாசிக்கிறேன். வாசிப்பதில் எனக்குத் தடுமாற்றம் கிடையாது.

உங்கள் ஊர் மழை மழையே இல்லை. தூறல்கூட இல்லை. காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. திங்கள் ராத்திரிதான் பஸ் வந்து சேர்ந்தது, நிற்கிற இடத்திலிருந்து உன் வீட்டுக்கு மேடு ஏறுவதற்குள் மேலங்கி முழு ஆட்டைத் தோளில் போட்ட மாதிரி கனத்துவிட்டது. கீழ்வீட்டு அம்மா சாவி கொடுத்தாள். உன் சீட்டை வாசித்தேன். மேலங்கியை நாற்காலியில் விரித்துப் போட்டேன். எங்கள் ஊரில் என்றால் கணப்புக்குப் பக்கத்தில் விடிவதற்குள் காய்ந்திருக்கும். உன் வீட்டில் விடிந்தபோது முன்னைவிட ஈரமாக இருந்தது. பையில் இருந்த சட்டையும் நனைந்துவிட்டது.

ஈரத்தோடுதான் வந்தேன். ஏழு மணிக்கு முன்னாலேயே வாசலில் நின்றேன். காவல்காரன் தடுத்தான்.

"சொட்டுது பாருங்க. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆனவங்க படுத்திருக்கிற இடம். அதைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போங்க."

"கழட்ட மாட்டேன்."

"அப்ப இங்கேயே நில்லுங்க. எனக்கென்ன."

நின்றேன். அவன் கழற்றச் சொன்னான் என்பதற்காக நான் கழற்ற வேண்டுமா என்று நின்றேன். கொஞ்ச நேரத்தில் படியிறங்கி ஒரு ஆள் வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. ஜசின்டோ என்று எனக்குத் தெரியவில்லை. அவன்தான் என்னைத் தெரிந்துகொண்டான்.

"மாமா, உள்ள கொண்டுபோயிட்டாங்க. அப்பா வந்துட்டாரா, வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே போனா."

"நீ என்ன சொன்னே?"

"வந்துட்டாருன்னு சொன்னேன்."

"என்ன உடுத்தியிருக்கேன்னு கேட்டாளா?"

"கேக்கலை மாமா."

அதன் பிறகு அவன் என் தோளிலிருந்து மேலங்கியை எடுத்தான். நான் தடுக்கவில்லை. தன்னுடைய பச்சை ஸ்வெட்டரைக் கழற்றி என் தலைவழியே மாட்டினான், பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி. நீ பின்னியதாம். கை நீளம். முதுகில் ஒரு இடத்தில் பின்னல் தப்பியிருக்கிறது. அவன் வெறும் சட்டையோடு சாயங்காலம் வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நடுங்கிக்கொண்டிருந்தான். போய் ஏதாவது போட்டுக்கொண்டு வா என்றேன். போகவில்லை. அவனும் சொன்னால் கேட்கிறவன் இல்லை.

வால்வு நன்றாகப் பொருந்திவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். பின் ஏன் நீ இன்னும் கண் விழிக்கவில்லை என்றால் கையை விரிக்கிறார். இருக்கலாம், போகலாம், பார்க்கலாம் என்கிறார். இத்தனை படித்தவனுக்கு மூன்றே வார்த்தைதான் தெரிகிறது.

நேற்று கொஞ்சம் வெயில் அடித்தது. கீழ்வீட்டு அம்மா மேலங்கியைக் கொடியில் போட்டாள். இன்று காலை காய்ந்து, மரப்பட்டை மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது. ஜசின்டோ எடுத்து வந்து நீட்டினான். நான் போட்டுக்கொள்ளவில்லை. இந்த ஊருக்கு அது அதிகம். அவ்வளவுதான். நீயாக வேறெதுவும் நினைத்துக்கொள்ளாதே.

பச்சையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கட்டிலுக்கு இடது பக்கம், ஜன்னலை ஒட்டி. கண்ணைத் திறந்து ஒரு தடவை பார். நீ பார்க்கிற வரைக்கும் தினமும் வந்து இதையே வாசிப்பேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் இப்போதே சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

உன் அப்பா