பம்பாய் மழைக்கு வைத்த அண்டா

பம்பாய்
10-7-1967

அன்புள்ள தேனம்மைக்கு,

ஆத்தாவும் நீயும் சுகம்தானே? நீலாவுக்கு மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது? நான் சுகம்.

கடல் காற்று பிள்ளைக்கு ஆகுமா, இப்போதே புறப்பட்டு வரலாமா என்று கேட்டிருந்தாய். இங்கே மழை பிடித்த அன்று, விட்டால் கிடைக்காதென்று ஊர் வழக்கப்படி மாடியில் அண்டாவை வைத்துத் தண்ணீர் பிடித்தேன். அறையில் கூட இருக்கும் கானாடுகாத்தான் சோமு சிரித்தான்.

"என்னண்ணே, அண்டா வச்சிருக்கீக? நாலு மாசத்துக்கு எத்தனை அண்டா வாங்கப் போறீக?"

அவன் சொன்னது சரி. இருபத்தாறு நாளாக விடவில்லை. சுவரெல்லாம் பூஞ்சை. அலை மதிலைத் தாண்டிச் சாலையில் விழுவதால், மாலையில் கடற்கரையில் நடக்கவும் வழியில்லை. அறைக்கும் மாடிப்படிக்குமாக நடக்கிறேன். முந்தாநாள் பிடிவாதமாகப் போய், அலையில் ஒரு செருப்பைப் பறிகொடுத்தேன். வேறொன்றுமில்லை.

நம் ஊரில் மழை தொடங்கும் ஐப்பசியில்தான் இங்கே மழை விட்டு வானம் நன்றாக வெறிக்கும். அப்போது கடற்கரை முழுக்கப் பிள்ளைகள் விளையாடுமாம். நீலாவுக்கும் ஆகும்.

வேட்டி எதுவும் காயவில்லை. நம் வெயிலில் காய்ந்தது இரண்டு அனுப்பு.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஐப்பசியில் நீலாவோடு வா. அதற்குள் நானே வரச் சொல்லி எழுதினாலும் வராதே.

வயிரவன்